புறநகர்க் குடியிருப்பின் பொதுக் குறைகளை அண்டைவீட்டாரோடு சேர்ந்து தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புறநகர்க் குடியிருப்புகளில் இரண்டு குறைகள் பரவலாகக் காணப்படுகின்றன. வீடுகள் பெருகும் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சாலையும் வடிகாலும் தெருவிளக்கும் வந்து சேர்வதில்லை என்பது ஒன்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் வந்து குடியேறியவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பி இரவில் திரும்புவதால், அடுத்த வீட்டுக்காரரின் பெயரே தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன என்பது மற்றொன்று. முதல் குறைக்கு மனு எழுதுகிறோம். இரண்டாவதற்கு ஆண்டுக்கு ஒரு விழா நடத்துகிறோம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் குறைகள் என்பதால், இவ்வாறு பிரித்துக் கையாள்வது இரண்டையுமே பாதியில் நிறுத்திவிடுகிறது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1960-களின் இறுதியில், நகரத் திட்டமிடல் அறிஞரான டொனால்டு ஆப்பிள்யார்டு, சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகளும், அடுத்ததில் 8,000 வண்டிகளும், மூன்றாவதில் 16,000 வண்டிகளும் ஓடின. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்களும் ஆறுக்கு மேற்பட்ட பழக்கக்காரர்களும் இருந்தார்கள். நெரிசல் மிகுந்த தெருவில் நண்பர் ஒருவர்கூடச் சராசரியாகத் தேறவில்லை. போக்குவரத்து என்று நாம் எழுதி அனுப்பும் குறை, தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையும் முடிவு செய்கிறது. அதனால் இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் குறையைத் தீர்க்கும் வேலையும் பழக்கத்தை வளர்க்கும் வேலையும் சேர்ந்தே வரும்.

முதல் படி: நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன்பு, உங்கள் தெருவையும் அதைச் சுற்றியுள்ள நான்கைந்து தெருக்களையும் மூன்று வேளைகளில் நடந்து பாருங்கள்: பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம், விளக்கேற்றிய பிறகான இரவு நேரம், மழை பெய்து ஓய்ந்த நேரம். நாள்தோறும் வண்டியில் கடந்து போகும் தெருவை நடந்து பார்க்கும்போது, அது முற்றிலும் வேறாகத் தெரியும். நடைபாதை எந்த வீட்டு வாசலில் முடிந்துபோகிறது, சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது, எந்த மரக்கிளை எந்த விளக்கை மறைக்கிறது என்பவை நடப்பவர் கண்ணில்தான் படும்.

குறிப்பு எழுதும்போது இடம், நாள், நேரம், கண்டது, பாதிக்கப்படுவோர் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ‘சாலை மிக மோசம்’ என்று எழுதினால் அதைப் படிக்கும் அலுவலர் எதுவும் செய்ய முடியாது. ‘மூன்றாம் குறுக்குத் தெருவும் பிரதான சாலையும் சேரும் முனையில், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து நான்கடி தள்ளி, இரண்டடி நீளமும் அரையடி ஆழமும் கொண்ட பள்ளம், இடப்பக்கம் திரும்பும் இருசக்கர வண்டிகள் இதைத் தவிர்க்க எதிர்த்திசைக்கு ஒதுங்குகின்றன’ என்று எழுதினால், அவர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பணியாளரை அந்த இடத்துக்கு அனுப்ப முடியும். கம்பத்தில் எண் எழுதப்பட்டிருந்தால் அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படங்கள் தேவை. சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று. அளவு புரியும்படி ஓர் அளவுகோலை அருகில் வைத்துக் கிட்டத்தில் எடுத்த படம் மற்றொன்று.

மழைநீர் தேங்கும் இடங்களில் சற்றுக் கூடுதல் நேரம் செலவிடுங்கள். புறநகரின் பெரும்பாலான சண்டைகளுக்கும் வீண் செலவுகளுக்கும் அங்கேதான் தொடக்கம். தண்ணீர் முதலில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மழை நின்ற பிறகு வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். பிறகு வடிகாலின் வாய்க்கு அருகே சென்று குனிந்து பாருங்கள். கம்பி வலையின் மேல் சருகும் பிளாஸ்டிக் பையும் படிந்து தண்ணீரை மேலேயே தடுத்து நிறுத்தியிருக்க, கீழே கால்வாய் காலியாகக் கிடந்தால், அங்கே தேவைப்படுவது துப்புரவு மட்டுமே. வலையின் வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே பொங்கி வந்தால், அடைப்போ மட்டக் கோளாறோ தாழ்ந்த பக்கத்தில் வேறெங்கோ இருக்கிறது. கால்வாய் சுத்தமாக, விளிம்பு வரை நிறைந்து ஓடியும் தெரு மூழ்கினால்தான் அதன் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். முதல் வகைக்கு ஒரு பணியாளரின் அரைநாள் உழைப்பு போதும். மூன்றாம் வகைக்குத் திட்டமும் நிதியும் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ‘புதிய வடிகால் வேண்டும்’ என்று மனுக் கொடுத்துவிட்டு, அரைநாளில் தீர்ந்திருக்கக்கூடிய குறைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தெருக்கள் பல.

இரண்டாம் படி: கதவைத் தட்டுங்கள், கேளுங்கள்

கையில் மனுவை வைத்துக்கொண்டு முதன்முறையாக ஒரு வீட்டுக்குப் போகாதீர்கள். முன்பின் தெரியாதவர் கையெழுத்துக் கேட்டால் சிலர் மரியாதைக்காகப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஆள் இருக்கமாட்டார். உங்கள் பெயரையும் வீட்டையும் சொல்லி, ‘இந்தத் தெருவில் உங்களுக்கு மிகவும் தொல்லையாக இருப்பது எது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல விட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருபது முப்பது வீடுகள் முடிந்ததும் உங்கள் பட்டியலும் அவர்கள் பட்டியலும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும். சாலைப் பள்ளம்தான் முதல் குறை என்று நினைத்துக் கிளம்பியவருக்கு, இரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை இருட்டில் நடந்துவரும் பெண்களின் அச்சம்தான் முதல் குறை என்று தெரியவரலாம்.

வாடகைக்குக் குடியிருப்போரை விட்டுவிடுவது பரவலான தவறு. சொந்த வீடு உள்ளவர்தான் தெருவுக்குப் பொறுப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தெருவில் நடப்பவர்களும், தண்ணீரில் இறங்குபவர்களும், கொசுக்கடியில் தூங்குபவர்களும் இரு சாராரும்தான். முதியோர், வீட்டு வேலைக்கு வருவோர், காவலாளிகள், நாள்தோறும் அந்தத் தெருவில் பொருள் விற்று வருவோர் ஆகியோரிடமும் கேளுங்கள். பகல் முழுவதும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால், எந்த முனையில் வண்டி வருவது தெரியாது, எந்த வாசலில் நாய் துரத்தும் என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

இந்தப் பேச்சு வெறும் தகவல் திரட்டல் என்று எண்ண வேண்டாம். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிகாகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. அண்டைவீட்டார் ஒருவரையொருவர் நம்பி, பொதுநலத்துக்காகத் தலையிடத் தயாராக இருந்த பகுதிகளில், வறுமை முதலிய பிற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. ஒருவர் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது அந்த நம்பிக்கையின் முதல் அடி.

மூன்றாம் படி: எது யார் பொறுப்பு என்று கண்டறியுங்கள்

ஒரே தெருவுக்குப் பல சொந்தக்காரர்கள் இருப்பார்கள். தார்ச் சாலை உள்ளாட்சி அமைப்பிடம் இருக்கும், அது சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும், கம்பம் மின்சாரம் வழங்குவோரிடமும் அதன் விளக்கு வேறொருவரிடமும் இருக்கும், குழி தோண்டியவர் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருப்பார், புதர் மண்டிய காலி மனை தொலைவில் வசிக்கும் தனியாருடையதாக இருக்கும். மனைப்பிரிவு போட்ட நிறுவனம் உள்சாலைகளை உள்ளாட்சியிடம் முறைப்படி ஒப்படைக்காமல் விட்டிருந்தால், சட்டப்படி அவற்றைப் பராமரிக்க யாருமே இல்லாத நிலையும் ஏற்படும். நகர எல்லையும் புறநகர் எல்லையும் ஒரே தெருவின் நடுவே ஓடும் இடங்களில் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

உங்கள் பகுதியின் எளிய வரைபடம் ஒன்றை வரைந்து, சாலை, வடிகால், விளக்கு, மரம், காலி மனை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரை எழுதுங்கள். தெரியாத இடங்களில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்க வழிசெய்யும் சட்டத்தை 1766-இல் முதன்முதலாக இயற்றியது ஸ்வீடன். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் அறியும் உரிமை சட்டமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று காரணம் கேட்பதைவிட, ஆவணம் கேட்பது பயன் தரும். இந்தச் சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது, ஒப்பந்தத்தின் நகல், ஒப்பந்தக்காரர் குறைபாடுகளைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது ஆகிய மூன்றையும் கேளுங்கள். சாலைப் பணி ஒப்பந்தங்களில் இப்படி ஒரு பொறுப்புக்காலம் பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தக் காலத்துக்குள் பெயர்ந்த சாலையைப் புதிய நிதி எதுவும் ஒதுக்காமலேயே சரிசெய்யச் சொல்லலாம் என்பதால், இந்த ஒரு தேதி பல மனுக்களுக்குச் சமம்.

நான்காம் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது கையில் நாற்பது குறைகள் இருக்கும். அவற்றில் பலரைப் பாதிப்பதும், யாரும் எதிர்க்காததும், சில மாதங்களில் முடியக்கூடியதும், முடிந்தால் எல்லாருடைய கண்ணிலும் படக்கூடியதுமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியாத மூன்று விளக்குகளோ அடைபட்ட ஒரு வடிகால் வாயோ நல்ல தொடக்கம். வாகன நிறுத்தத்தையும் தெருநாய்களையும் முதல் வேலையாக எடுக்க வேண்டாம். தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு வேலை முடிந்தது என்று பத்துப் பேர் பார்த்த பிறகுதான் கடினமானவற்றுக்கு ஆள் சேரும்.

ஐந்தாம் படி: அளந்து காட்டுங்கள்

எடுத்துக்கொண்ட குறையை எண்களால் காட்ட முடிந்தால், அலுவலகத்தில் அதற்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. இரண்டு குறைகளை எடுத்துக்கொண்டு அளக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலாவது வண்டிகளின் வேகம். ‘எல்லாரும் பறக்கிறார்கள்’ என்பது ஒருவர் கருத்து. எழுதிவைத்த நூறு வேகங்கள் சான்று. சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியை நாடாவால் அளந்து இரு முனைகளிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முதல் கோட்டில் நிற்பவர் வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் உயர்த்திய கையை இறக்க வேண்டும். இரண்டாம் கோட்டில் நிற்பவர் அப்போது நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி, அதே சக்கரம் தம் கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். 6 விநாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 4.5 விநாடி என்றால் 40, 3.6 விநாடி என்றால் 50 கிலோமீட்டர், 3 விநாடி என்றால் 60 கிலோமீட்டர். கையால் அழுத்துவதில் சிறு பிழை வரும். தெரு நீளமாக இருந்து 100 மீட்டர் எடுத்துக்கொண்டால் பிழை பாதியாகக் குறையும். முன்னால் தடை எதுவும் இல்லாமல் வரும் 100 வண்டிகளை அளந்து, வேகத்தைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, 85-ஆவது எண்ணைத் தனியே எழுதுங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் ஒரு சாலையின் இயல்பான வேகத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் அளவு அதுதான்; அவர்கள் மொழியிலேயே நீங்கள் பேசியதாகிவிடும். அளப்பவர்கள் சாலையில் இறங்காமல் ஓரத்திலேயே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த எண்ணோடு ஒப்பிட வேறு சில எண்களையும் சேருங்கள். பிரிட்டனின் சாலை விதிக் கையேடு, மணிக்கு 32 கிலோமீட்டரில் வரும் கார் ஓட்டுநரின் எதிர்வினை நேரத்தையும் சேர்த்து நிற்க 12 மீட்டரும், 48 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க 23 மீட்டரும் ஆகும் என்கிறது. 30-லிருந்து 50-க்குப் போகும் வண்டியின் மோதல் ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. 2020-இல் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக்கும்படி வலியுறுத்தியது.

தீர்வு கேட்கும்போது வேகத்தடை ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். தெருமுனைகளில் நடைபாதையை முன்னுக்கு நீட்டிச் சாலையைக் குறுக்குவது, கடக்கும் இடத்தையே மேடாக்குவது, நேர்கோட்டில் ஓடும் சாலையை மரங்களாலும் நிறுத்தங்களாலும் வளைப்பது ஆகியவை வேகத்தை இயல்பாகவே குறைக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் குடியிருப்புத் தெருக்களை இவ்வாறு மாற்றியமைத்தார்கள். நடப்பவருக்கு முன்னுரிமை தரும் அத்தகைய தெருக்களுக்கு 1976-இல் அந்நாட்டில் சட்ட ஏற்பும் கிடைத்தது. தெருவாசிகளே இரவோடிரவாகச் சிமெண்டு கொட்டி வேகத்தடை போடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அளவும் வண்ணமும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மேடு, இருசக்கர வண்டியில் வருபவரைக் கீழே தள்ளும். ஆம்புலன்ஸில் கிடத்தப்பட்டிருப்பவரை வருத்தும்.

இரண்டாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அது பறப்பதும் சில நூறு மீட்டர் தொலைவுதான். ஆகவே உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு வீட்டின் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், சுத்தமாக வைத்திருக்கும் இருபது வீட்டாரின் உழைப்பையும் வீணாக்கிவிடும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளைத் தெரு முழுவதற்கும் பொதுவாக வைத்து, தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைக் கவிழ்ப்பதோடு அவற்றின் உட்சுவரைத் தேய்த்தும் கழுவச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். புகை அடிப்பது பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் வளரும் புழுவை அது எட்டுவதில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை கலன்களில் புழு இருந்தது என்று வாரந்தோறும் எழுதிவைத்தால், சுகாதாரத் துறையிடம் கேட்பதற்கும் அண்டைவீட்டாரைத் தூண்டுவதற்கும் அந்த ஒரு பக்கமே போதும்.

ஆறாம் படி: மனுவும் தொடர் கவனிப்பும்

ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். ஏழு கோரிக்கைகள் உள்ள மனு ஏழு மேசைகளுக்குப் போக வேண்டியிருப்பதால், முதல் மேசையிலேயே தங்கிவிடும். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாவதில் இடமும் குறையும். மூன்றாவதில் அளவீடும் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையும். கடைசியில் எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்பவை. படங்களையும் வரைபடத்தையும் இணையுங்கள். சினம் காட்டும் சொற்களை நீக்கிவிடுங்கள். அந்த மனுவைப் படிப்பவர் பெரும்பாலும் குறைக்குக் காரணமானவராக இருக்கமாட்டார், ஆனால் அதை நகர்த்தக்கூடியவராக இருப்பார்.

நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டும், இணையத்தில் கொடுத்தால் பதிவெண்ணும் இல்லாமல் திரும்பாதீர்கள். 2007-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் போன்ற தளங்களில், வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் குறை உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதோடு எல்லாரும் பார்க்கும்படியும் இருக்கும். உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட வசதி இருந்தால், ஒரே குறையை முப்பது பேர் முப்பது பதிவாகப் போடுவதைவிட, ஒரு பதிவில் எல்லாரும் சேர்வது நல்லது. எண்ணிக்கை சிதறினால் ஒவ்வொன்றும் தனித்தனியே முடித்து வைக்கப்பட்டுவிடும்.

மனு கொடுத்த நாளிலேயே, அடுத்து விசாரிக்க வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஓர் ஆளையும் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘யாராவது கேட்டுவிடுவார்கள்’ என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான மனுக்கள் இறந்துபோகின்றன. பதில் வராவிட்டால் பழைய பதிவெண்ணைச் சுட்டி மேலதிகாரிக்கு எழுதுங்கள்; புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். புதிய வடிகால், பூங்கா, நடைபாதை போன்ற பெருஞ்செலவுப் பணிகளுக்கு, நிதிநிலை அறிக்கை தயாராகும் பல மாதங்களுக்கு முன்பே கோரிக்கை போய்ச் சேர வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் குடிமக்களே பகுதிக் கூட்டங்களில் கூடி, நகராட்சியின் முதலீட்டுச் செலவில் எது முதலில் என்று முடிவெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் உள்ளாட்சியில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஏதேனும் இருக்கிறதா என்று விசாரித்து, அதன் தேதியைத் தெருவுக்கெல்லாம் தெரிவியுங்கள்.

வேலை முடிந்ததும் படம் எடுத்து, செய்துகொடுத்த பணியாளரின் பணியைக் குறிப்பிட்டு அவருடைய மேலதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். குறை சொல்லும் கடிதங்கள் மட்டுமே வந்து குவியும் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை மறக்கமாட்டார்கள்.

ஏழாம் படி: கூட்டமும் சங்கமும்

சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு வேலை தேடுவதைவிட, இரண்டு மூன்று வேலைகளை முடித்துவிட்டுச் சங்கம் அமைப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அப்போது யார் உழைப்பவர் என்று தெருவுக்குத் தெரிந்திருக்கும். பதவி அவர்களைத் தேடி வரும். விதிமுறைகளில் பதவிக்காலத்துக்கு வரம்பு, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்த எண்ணிக்கை, பணம் எடுக்க இருவர் கையொப்பம், வாடகைக் குடித்தனக்காரருக்கும் வாக்குரிமை ஆகிய நான்கும் இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பேசப்போகும் பொருள்களை முன்கூட்டியே அனுப்புங்கள். உரக்கப் பேசும் நால்வரே கூட்டம் முழுவதும் பேசிவிடுவதைத் தடுக்க, ஒவ்வொரு பொருளுக்கும் எல்லாரையும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு, அதன்பிறகு விவாதத்தைத் தொடங்குங்கள். முடிவு, பொறுப்பாளர், தேதி ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, கலைவதற்கு முன்பு படித்துக் காட்டுங்கள்.

எட்டாம் படி: அண்டைவீட்டாருக்குள் வரும் பிணக்குகள்

இரைச்சல், வாகனம் நிறுத்துவது, வளர்ப்பு நாய், மதிலைத் தாண்டும் மரக்கிளை ஆகியவற்றைப் புகாராக மாற்றுவதற்கு முன்பு, நேரில் சென்று பேசுங்கள். தொல்லை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் போகாமல், மறுநாள் அமைதியான வேளையில் போங்கள். ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க, ராத்திரி பத்து மணிக்கு மேலே மோட்டார் ஓடினா அவங்களால தூங்க முடியல; கொஞ்சம் முன்னாடியே போட முடியுமா?’ என்று நடந்ததையும் அதன் விளைவையும் வேண்டுகோளையும் சேர்த்துச் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு ஒப்புக்கொள்ள இடம் கிடைக்கிறது.

இரைச்சலைப் பொறுத்தவரை, 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே இரவுச் சராசரி இரைச்சல் 40 டெசிபலைத் தாண்டாதிருப்பது நலம் என்கிறது. கைபேசிச் செயலிகளின் அளவு துல்லியமாக இராது. நேரத்தையும் கால அளவையும் சில வாரங்கள் எழுதிவைப்பது அதைவிட வலுவான சான்று. இருவரும் பேசித் தீராவிட்டால், இரு வீட்டாரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவரை அழையுங்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் அதற்குப் பிறகுதான். ஆனால் மிரட்டலோ வன்முறையோ தலைகாட்டிய கணத்தில், இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காமல் காவல் துறையை அழைத்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: வாட்ஸ்அப் குழுவுக்கு வரம்பு

தெருவுக்கான குழு பயனுள்ளதுதான். வரம்பில்லாத குழு தெருவைப் பிரித்துவிடும். அறிவிப்புகளுக்கு மட்டும் ஒன்று, பொதுப் பேச்சுக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். யார் பெயரையும் சுட்டிக் குறை சொல்லக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் நடந்தார் என்பதற்காக அவருடைய படத்தைப் போட்டுச் ‘சந்தேகத்துக்குரிய நபர்’ என்று எழுதுவதை நிர்வாகிகள் உடனே நீக்க வேண்டும். வதந்தியை நம்பிய கூட்டம் அப்பாவிகளை அடித்துக் கொன்ற நிகழ்வுகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் காவல் துறையிடம் சொல்லலாம். குழுவில் பரப்ப வேண்டியதில்லை. கைபேசி பயன்படுத்தாத முதியோருக்கு, ஒவ்வொரு முக்கிய அறிவிப்பையும் நேரில் சொல்லும் பொறுப்பை அடுத்த வீட்டார் ஏற்கட்டும்.

பத்தாம் படி: ஆபத்துக் காலத்துக்கான பட்டியல்

1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தனித்து வாழ்ந்த முதியோர் மிகப் பலர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனென்பெர்க், வறுமையிலும் முதியோர் எண்ணிக்கையிலும் ஒத்திருந்த இரு அண்டைப் பகுதிகளில் இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டதைக் கண்டார். மக்கள் நடமாட்டமும் உயிர்ப்பான தெருக்களும் இருந்த பகுதியில் இறப்பு மிகக் குறைவு. முதியோர் வெளியே வந்தார்கள், வராதபோது யாரோ கவனித்தார்கள். அதே 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதி நிலநடுக்கத்தின்போது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே. மீட்புப் படை வருவதற்குள், எந்த அறையில் யார் தூங்குவார்கள் என்று அறிந்தவர்களால்தான் அது முடிந்தது.

ஆகவே தெருவில் தனித்து வாழ்வோர், படுத்த படுக்கையாக இருப்போர், மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவி வைத்திருப்போர் ஆகியோரின் பட்டியலை அவர்களுடைய ஒப்புதலோடு தயாரியுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு அண்டைவீட்டார் பொறுப்பு. இந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் போடப்படக் கூடாது. தனியாக இருப்பவர் யார் என்பது எல்லார் கைக்கும் போவது அவர்களுக்கே ஆபத்து. தாளில் எழுதி, நம்பிக்கைக்குரிய மூன்று பேரிடம் இருந்தால் போதும். மின்சாரம் போனாலும் தாள் படிக்கக் கிடைக்கும். மருத்துவர், செவிலியர், மின்பணியாளர், நீச்சல் தெரிந்தவர், ஏணி உள்ள வீடு, மின்னாக்கி உள்ள வீடு ஆகியவற்றையும் மறுபக்கத்தில் எழுதிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் முன்பாக, அதைச் சரிபாருங்கள்.

பதினொன்றாம் படி: கூடிப் பழகுவதும் பொறுப்பை மாற்றிக்கொள்வதும்

வேலைக்காக மட்டுமே சந்திப்பவர்கள் வேலை முடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். 1999-இல் பாரிஸின் 17-ஆம் வட்டாரத்தில் தொடங்கிய அண்டைவீட்டார் விழா பல நாடுகளுக்குப் பரவியதற்கு அதன் எளிமை ஒரு காரணம்: மேடை இல்லை, பேச்சாளர் இல்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதுதான் நிகழ்ச்சி. ஒரு மாலை வேளையில் உள்ளாட்சியின் அனுமதியோடு தெருவின் ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்திவைத்து, பிள்ளைகளை விளையாட விடுங்கள். புதிதாகக் குடிவந்தவரை அன்று இருவர் அழைத்துவந்து எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைக்கட்டும்.

பொறுப்பில் இருப்பவர் சோர்ந்துபோவதற்குள் அடுத்தவரைப் பழக்குங்கள். ஒவ்வொரு வேலையிலும் மூத்தவர் ஒருவரோடு புதியவர் ஒருவரைச் சேர்த்து அனுப்புவதுதான் எளிய வழி. அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை எந்தக் குறிப்பேடும் கற்றுத்தருவதில்லை. பொறுப்பு மாறும் நாளில் தெரு வரைபடம், நிலுவையிலுள்ள மனுக்களின் பதிவெண்கள், கூட்டக் குறிப்பேடு, கணக்குப் புத்தகம், ஒப்பந்தக்காரரின் பொறுப்புக்காலம் முடியும் தேதிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, புதியவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். மின்னஞ்சல் முகவரியும் சங்கத்தின் கைபேசி எண்ணும் தனிநபர் பெயரில் இருந்தால், அவற்றைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் வேலையை அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.